மேலே ஏறிய பாசி

ஆற்றில் பாசி வெட்டும் படகை ஓட்டுகிறவரை அந்த ஊரில் எல்லோரும் பாசிக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவருக்கு வயது ஐம்பத்தாறு. ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. முழங்கால்கள் மட்டும் முன்கூட்டியே ஓய்வு பெற்றுவிட்டன. காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். அப்புறம்தான் நடக்க வரும்.

படகு என்றால் அழகாக ஏதோ நினைத்துக்கொள்ளக் கூடாது. தட்டையான இரும்புத் தொட்டி. இரண்டு பக்கமும் தண்ணீரைத் தள்ளும் சக்கரங்கள், முன்னால் சீப்பு மாதிரி பல் வைத்த வெட்டுக் கத்தி. வெட்டிய பாசியை மேலே ஏற்றிப் பின்பக்கம் கொட்ட ஓர் அகலமான பெல்ட். ஓட்டுபவர் தலைக்கு மேல் ஒரு தகரக் கூரை. எட்டு வருஷமாக அந்தக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து, அதே நாலு மைல் ஆற்றை, மேலிருந்து கீழும் கீழிருந்து மேலுமாக அவர் வெட்டிக்கொண்டிருந்தார். கரையோரம் நாணலும் சம்பும் தம் பாட்டுக்கு நிற்கும். அவற்றால் தொந்தரவு இல்லை. ஆகாயத்தாமரை மிதந்து வரும். அதையும் அள்ளிப் போட்டுவிடலாம். தொல்லை எல்லாம் தண்ணீருக்குள்ளேயே வளரும் கொடிப்பாசிதான். அடியில் வேர்விட்டு, நூல் நூலாக மேலே வந்து, தண்ணீரின் முகத்தில் பாய் விரித்தாற்போல் படுத்துக்கொள்ளும். திங்கட்கிழமை வெட்டிய இடத்தில் அடுத்த மாதம் ஒன்றுமே நடக்காத மாதிரி நிற்கும்.

அவருக்குத் துணைக்கு இருந்தவர் மனைவியின் தம்பி. பாசிக்காரர்தான் சொல்லி அவரை வேலையில் சேர்த்துவிட்டிருந்தார். நீளக் கம்பை வைத்துக்கொண்டு சக்கரத்தில் சுற்றும் பாசியை இழுத்துவிடுவது மைத்துனர் வேலை. கை வேலை செய்ததைவிட வாய் வேலை செய்ததுதான் அதிகம்.

"மாமா, நம்ம வேலை மாதிரி ஒரு வேலை உலகத்துல கிடையாது. முடிஞ்சாத்தானே வேலை போகும்? இது முடியவே முடியாது. நமக்கு அப்புறம் நம்ம பேரப்பசங்களும் இதையே வெட்டலாம்."

பாசிக்காரர் முதல் வருஷம் இதற்குச் சிரித்தார். எட்டாம் வருஷம் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த வருஷம் கோடையில்தான் ஒரு கல்லூரி ஆசிரியை ஆற்றங்கரைச் செடிகளைக் கணக்கெடுக்க வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். ரப்பர் பூட்ஸ், தொப்பி, தோளில் ஒரு துணிப்பை. கரையில் நடந்து பார்க்க முடியாத இடங்களுக்குப் படகில் ஏற்றிக்கொண்டு போகும்படி அலுவலகத்திலிருந்து உத்தரவு. மைத்துனர் அவருக்கு உடனே ஒரு பெயர் வைத்துவிட்டார்: செடிக்காரம்மா.

செடிக்காரம்மா எதைப் பார்த்தாலும் ஒரு கைப்பிடி பறித்து, செய்தித்தாளில் மடித்து வைப்பார். கோரை, நீர்முள்ளி, அல்லி இலை, பாறை இடுக்கில் இருந்த பெயர் தெரியாத புல் வரைக்கும். மூன்றாம் நாள், பெல்ட்டில் ஏறி வந்த கொடிப்பாசியில் ஒரு துண்டை எடுத்துப் பாசிக்காரரிடம் நீட்டினார். விரல் நீளம்கூட இல்லை.

"ஐயா, இதுல எத்தனை கணு இருக்கு பாருங்க."

"நாலஞ்சு இருக்கும்."

"ஒரு கணு போதும். தண்ணியில விழுந்தா வேர் விட்டுடும். இது விதையால பரவுறது ரொம்பக் கம்மி. துண்டு துண்டாத்தான் பரவுது."

பாசிக்காரர் கத்தியைப் பார்த்தார். அது பாட்டுக்கு வெட்டிக்கொண்டிருந்தது. வெட்டியதில் பெரும்பகுதி பெல்ட்டில் ஏறியது. மிச்சம் சிறு சிறு துண்டாகப் படகைச் சுற்றி மிதந்து கீழே போய்க்கொண்டிருந்தது. எட்டு வருஷமாக அவர் கண்ணெதிரே போன துண்டுகள்தான். குப்பை என்று நினைத்திருந்தார்.

"அப்போ நாங்க வெட்ட வெட்ட..."

"வெட்டித்தானே ஆகணும்? வெட்டலைன்னா தண்ணி போகாது. உங்க தப்பு ஒண்ணும் இல்ல." செடிக்காரம்மா பையிலிருந்து ஒரு வரைபடத்தை எடுத்து மடியில் விரித்தார். ஆற்றில் பாசி இருக்கும் இடங்களில் எல்லாம் சிவப்பு மையால் கோடு போட்டிருந்தார். "எனக்கு ஒரு இடம் மட்டும்தான் புரியலை. இது ஆத்துல வந்து சேர்ற சின்ன ஓடை. தண்ணி அங்கேருந்து இங்கே வருது. ஆத்துப் பாசி எப்படி ஓடையில மேலே ஏறிச்சு? அதுவும் வீடுகள் இருக்குற இடம் வரைக்கும். நாலு வருஷத்துக்கு முன்னாடி எடுத்த கணக்குல அங்கே இது இல்லவே இல்ல. ஏதாவது படகு போச்சா?"

மைத்துனர் கம்பை ஊன்றியபடி தண்ணீரையே உற்றுப் பார்த்தார்.

"பறவை கிறவை கொண்டுபோயிருக்கும்," என்றார் பாசிக்காரர்.

"இருக்கலாம்," என்று செடிக்காரம்மா எழுதிக்கொண்டார்.

அந்த ஓடை பாசிக்காரருடைய அக்கா வீட்டுக் கொல்லைப்புற ஓடை.

அக்கா அவரைவிட ஆறு வயது பெரியவர். வீட்டின் பின்னறையில் தையல் இயந்திரம் போட்டு, பள்ளிச் சீருடை தைத்துக் கொடுப்பவர். அத்தான் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரு நாள் அக்கா சொன்னார்: "தம்பி, படிக்கட்டுப் பக்கம் நாணல் மண்டிப் போச்சு. கொசு பிடுங்குது. ஜன்னலைத் திறந்தா வெளிச்சம்கூட வரமாட்டேங்குது. ஊருக்கெல்லாம் வெட்டறே, அக்கா வீட்டுக்கு ஒரு நாள் வரமாட்டியா?"

மழைக்காலம் முடிந்து ஓடையில் தண்ணீர் நிறைந்திருந்த சமயம். ஒரு சனிக்கிழமை, அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, படகை அப்படியே ஓடைக்குள் விட்டுவிட்டார். அக்கம்பக்கத்து ஆட்கள் எல்லாம் கொல்லையில் வந்து நின்று பார்த்தார்கள். அரை நாளில் நாணல், கோரை, அல்லி எல்லாவற்றையும் வழித்து எடுத்துவிட்டார். அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. "எந்தம்பி கவர்ன்மென்ட் மிஷினையே கொண்டாந்துட்டான்," என்று ஒரு மாசம் சொல்லிக்கொண்டிருந்தார். படகைக் கழுவி எடுத்துப் போக வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? முந்தின நாள் ஆற்றில் வெட்டிய பாசி சக்கரத்திலும் பெல்ட்டிலும் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. நாணல் போன இடத்தில் வெயில் நேராகத் தண்ணீரின் அடிவரை இறங்கியது. பாசிக்கு வேறென்ன வேண்டும்?

போன மழைக்காலத்தில் அந்த ஓடை அடைத்துக்கொண்டது. ஒரே மத்தியானத்தில் தண்ணீர் கொல்லைப் படியேறி, பின்னறையில் முழங்கால் அளவுக்கு நின்றது. தையல் இயந்திரம் நனையக் கூடாதே என்று தூக்கப் போன அத்தான் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அன்றிலிருந்து நாலு கால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார். அதுவும் கூடத்திலிருந்து கழிப்பறைக்கு, கழிப்பறையிலிருந்து கூடத்துக்கு. அப்போது ஆஸ்பத்திரியில் பத்து நாள் உடனிருந்தவர் பாசிக்காரர்தான். "அவன் எனக்குத் தம்பி இல்லே, பெத்த பிள்ளை," என்று அக்கா எல்லோரிடமும் சொன்னார்.

இதெல்லாம் அன்று படகிலேயே அவர் மனதில் ஓடிவிட்டது. கரைக்கு வந்து, செடிக்காரம்மா போன பிறகு, மைத்துனர் கிட்டே வந்தார்.

"மாமா, வாயைத் திறக்காதீங்க. அன்னிக்குப் போனது நாம ரெண்டு பேர்தான். படகுலேருந்துதான் பாசி வந்துச்சுன்னு வேற யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே, மாப்ள."

"தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? சொன்னா அவங்க இடுப்பு ஒட்டிக்குமா?"

வீட்டில் மனைவியும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார், கொஞ்சம் மென்மையாக. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அக்கா வீட்டுக்குப் போகாமல் ஏதேதோ சாக்குச் சொன்னார். முழங்கால் வலி என்றார். அது பொய்யும் இல்லை.

நாலாம் ஞாயிறு போனார். அக்கா பின்னறையில் தைத்துக்கொண்டிருந்தார். சுவரில் முழங்கால் உயரத்துக்குக் கீழே சுண்ணாம்பு உரிந்து, தண்ணீர் நின்ற தடம் கோடாகத் தெரிந்தது. பள்ளிக்கூடம் திறக்கிற நேரம். தரையெல்லாம் நீலத் துணி.

"வாடா. இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? உக்காரு, அந்தத் துணியை நகர்த்திட்டு உக்காரு. இந்தக் காலர் மட்டும் முடிச்சுட்டு வரேன். மறுபடியும் ஓடை அடைச்சுக்கிட்டு நாத்தம் அடிக்குது பாரு. மழைக்கு முன்னாடி உன் மிஷினை ஒரு தடவை கொண்டாந்துடேன், கண்ணு."

பாசிக்காரர் உட்காரவில்லை. சொல்ல வேண்டியதை வழியெல்லாம் கோத்து வைத்துக்கொண்டு வந்திருந்தார். எல்லாம் மறந்துபோய், கடைசியில் வந்ததைச் சொன்னார்.

"அக்கா, அந்தப் பாசியை இங்கே கொண்டாந்ததே நான்தான்."

அக்காவுக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். துண்டைப் பற்றி, கணுவைப் பற்றி, கழுவாமல் கொண்டுவந்த சக்கரத்தைப் பற்றி. நாணலை வெட்டாமல் இருந்திருந்தால் பாசி இந்த அளவுக்கு வந்திருக்காது என்பதையும் விடாமல் சொன்னார். அக்கா கேட்டுக்கொண்டே தைத்தார். காலர் முடிந்தது. நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். அடுத்த காலரை எடுத்தவர், அதை இயந்திரத்தில் வைக்காமல் மடியில் போட்டுக்கொண்டார்.

"இதை எதுக்குடா இப்ப எங்கிட்ட சொல்றே?"

"சொல்லாம இருக்க முடியலைக்கா."

"உன்னால முடியலை. சரி. உன் பாரத்தை இறக்கி என் தலையில வச்சுட்டே. நான் இதை எங்கே கொண்டுபோய் இறக்குவேன்? அவர்கிட்டயா?"

கூடத்திலிருந்து அத்தானின் குரல் வந்தது. கதவு திறந்துதான் இருந்தது. "நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்." பிறகு, "அப்போ என் இடுப்புக்கு டிக்கெட் கொடுத்தது மாப்பிள்ளைதான்னு சொல்லு," என்றார். வேடிக்கையாகச் சொல்ல நினைத்துத்தான் ஆரம்பித்திருப்பார். முடிக்கும்போது அதில் வேடிக்கை இல்லை.

அக்கா எழுந்து போய்க் கூடத்துக் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து, "நீ போ இன்னிக்கு," என்றார். பெரியவர்களிடம் திட்டு வாங்கும் வயதைக் கடந்து எத்தனையோ வருஷம் ஆகியும், அந்த மூன்று வார்த்தைக்கு அவர் கண் கலங்கியது. வாசலில் செருப்பை மாட்டும்போது இயந்திரம் மறுபடி ஓடும் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்தார். கேட்கவில்லை.

அடுத்த வாரமே அலுவலகத்தில் ஒரு உத்தரவு வந்தது. ஆற்றுக்கு மேல்பக்கம் இருக்கும் இன்னொரு ஓடையில், பூங்காவை ஒட்டி நாணல் வளர்ந்து தண்ணீர் தெரியவில்லையாம். யாரோ வேண்டியவர் கேட்டிருக்கிறார். படகைக் கொண்டுபோய் ஒரே நாளில் சுத்தம் செய்ய வேண்டும். பாசிக்காரர் உதவிப் பொறியாளர் அறைக்குப் போய் மேசைக்கு முன்னால் நின்றார். பொறியாளருக்கு அவர் மகன் வயதுதான் இருக்கும். கெட்டவர் இல்லை. மேசையில் கோப்புகள் கழுத்து வரைக்கும் இருந்தன.

"சார், அந்த ஓடையில இன்னும் கொடிப்பாசி போகலை. நம்ம படகு போனா போயிடும். நாணல் அது பாட்டுக்கு இருக்கட்டும். வேணும்னா ஆள் வச்சுக் கையால ஓரமா வெட்டிக்கலாம்."

"ஆளுக்கு எங்கே போறது? நீங்க ரெண்டு வருஷம் ஓட்டிட்டு நிம்மதியா வீட்டுக்குப் போகவேண்டியவர். ஏன் இதையெல்லாம் தலையில போட்டுக்கிறீங்க?"

"ஒரு ஓடையை நானே கெடுத்திருக்கேன், சார்."

பொறியாளர் பேனாவைக் கீழே வைத்தார். எந்த ஓடை என்று கேட்கவில்லை. கேட்டால் அதற்கு ஒரு கோப்பு திறக்க வேண்டியிருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ. "என்னாலயும் இதை நிறுத்த முடியாதுங்க. மேலே ஒத்துக்கிட்டாங்க. வேற என்ன செய்யலாம்னு சொல்லுங்க."

"கழுவ ஒரு நாள் கொடுங்க."

"ஒரு நாள் எடுத்துக்கோங்க. அதை நானே எழுதிக் கொடுத்துடறேன்."

படகைக் கரையில் ஏற்றினார்கள். குழாயால் தண்ணீர் பீய்ச்சியபோது பெரிய கொத்துகள் போய்விட்டன. அதற்கப்புறம்தான் உண்மையான வேலை. பெல்ட்டின் கண்ணிகளுக்குள், சக்கரத்தின் அச்சில், கத்திப் பற்களின் வேரில் பச்சையாக ஒட்டிக்கொண்டிருந்தது. பாசிக்காரர் கீழே படுத்துக்கொண்டு ஒரு கம்பியால் நோண்டி எடுத்தார். மைத்துனர் முதல் ஒரு மணி நேரம் நிழலில் நின்று, "மாமா, கல்யாணத்துக்குப் பொண்ணை அலங்காரம் பண்ற மாதிரி பண்றீங்க," என்று கிண்டல் செய்தார். அப்புறம் பாசிக்காரர் எழுந்திருக்க முடியாமல், சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு தடவை முயன்று மறுபடி உட்கார்ந்ததைப் பார்த்தார். கம்பியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு படகுக்கு அடியில் நுழைந்தார். சாயங்காலம் வரைக்கும் வெளியே வரவில்லை. ஒரு வாளி நிறைய எடுத்தார்கள். அந்த வாளியைத் தண்ணீர் இல்லாத மேட்டில் கொண்டுபோய்க் கவிழ்த்தார்கள்.

மறுநாள் பூங்கா ஓடையில் நாணலை வெட்டினார்கள். முழுவதும் வழிக்காமல், எதிர்க்கரையில் ஒரு பட்டையை விட்டுவிட்டார். ஏன் விட்டீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. அங்கே பாசி வருமா வராதா என்று அவருக்குத் தெரியாது. தெரிய இரண்டு வருஷமாவது ஆகும்.

அக்கா வீட்டு ஓடைக்கு யாரும் உத்தரவு போடவில்லை. அடுத்த ஞாயிறு அவர் தானாகவே போனார். வாசல் வழியாகப் போகாமல், பக்கத்துச் சந்து வழியாக நேரே கொல்லைக்குப் போய், பழைய கால்சட்டையோடு தண்ணீரில் இறங்கினார். இடுப்பளவு ஆழம். கை விட்டு, அடிச் சேற்றில் விரலால் துழாவி, வேரோடு மெதுவாக இழுக்க வேண்டும். வேகமாக இழுத்தால் அறுந்து துண்டாகிவிடும். எட்டு வருஷம் இயந்திரத்தால் வெட்டியவருக்கு ஒரு கைப்பிடியைப் பிடுங்கவே பொறுமை பழக வேண்டியிருந்தது. மத்தியானத்துக்குள் கட்டில் அளவு இடம்தான் சுத்தமானது. பின்னறை ஜன்னல் மூடியே இருந்தது.

இரண்டாம் ஞாயிறும் அப்படித்தான். மூன்றாம் ஞாயிறு படியில் ஒரு சொம்பு தண்ணீர் இருந்தது. வைத்தவர் யார் என்று தெரியவில்லை. அத்தான் எழுந்து கொல்லை வரைக்கும் வரமாட்டார். ஆகவே தெரிந்தது.

எவ்வளவு கவனமாக இழுத்தாலும் துண்டுகள் கையை விட்டு நழுவிப் போய்க்கொண்டுதான் இருந்தன. ஒரு கூடையை வைத்து மறித்துப் பார்த்தார். கூடை போதவில்லை. நாலாம் ஞாயிறு அவர் தண்ணீரில் குனிந்திருந்தபோது பின்கதவு திறந்தது. அக்கா ஒரு பெரிய துணிச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கி வந்தார். கொசுவலைத் துணி. இரண்டு வலைகளை ஒட்டித் தைத்து, கீழ் விளிம்பில் சிறு சிறு பைகளாக மடித்து, ஒவ்வொரு பையிலும் கூழாங்கல் போட்டு மூடித் தைத்திருந்தார். மேல் விளிம்பில் காலி பிளாஸ்டிக் பாட்டில்கள்.

"இதை அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும் கட்டு," என்றார், அவர் முகத்தைப் பார்க்காமல். "உனக்கு எதையும் பாதியிலதான் யோசிக்க வரும். சின்னதுலேருந்து அப்படித்தான்."

"எப்போக்கா தைச்சே?"

"சீருடையெல்லாம் கொடுத்து முடிச்சாச்சு. கையைக் கட்டிக்கிட்டு ஜன்னல் இடுக்கு வழியா நீ முக்கறதையே எத்தனை வாரம் பாக்கறது?"

வலை கட்டினார்கள். தண்ணீர் புகுந்து போயிற்று, துண்டுகள் வலையில் நின்றன. அக்கா படியில் உட்கார்ந்து, ஒரு பிளாஸ்டிக் வாளியில் அவற்றைப் பொறுக்கிப் போட்டார். ஒரு தடவை அக்கா, "நான்தானே உன்னைக் கூப்பிட்டேன்," என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டுவிட்டார். பாசிக்காரர் தளர்ந்திருந்த வலை முனையை இறுக்கிக் கட்டினார். கோபம் போய்விட்டதா என்று கேட்கத் தோன்றியது. கேட்டால், போகவில்லை என்று சொல்லிவிடுவாரோ என்று இருந்தது.

பன்னிரண்டு மணி வாக்கில் சட்டம் தரையில் தட்டும் சத்தம் கேட்டது. டக், டக் என்று பின்னறை வழியாக வந்து, கதவருகில் நின்றது. விழுந்த நாளிலிருந்து அத்தான் கொல்லைப் பக்கம் எட்டிப் பார்த்தவர் இல்லை. மூச்சு வாங்க நிலையில் சாய்ந்துகொண்டு, சுத்தமான இடத்தைப் பார்த்தார்.

"ஒரு மாசத்துல இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான், அத்தான்."

"மேலே வளைவுக்கு அந்தாண்டையும் இருக்குமே?"

"இருக்கு. இங்கே எடுத்த இடத்துலயும் அடிச் சேத்துல பாசியோட கிழங்கு கிடக்கு. திரும்பவும் வரும்."

அத்தான் தலையை ஆட்டினார். மன்னித்தேன் என்று யாரும் சொல்லவில்லை. "நின்னுக்கிட்டே இருக்க முடியலை," என்று மட்டும் சொல்லிவிட்டு, சட்டத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார். போகும்போது கதவைச் சாத்தவில்லை.

"அடுத்த ஞாயிறும் வரேன்," என்றார் பாசிக்காரர்.

"ஞாயித்துக்கிழமை அவரை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்," என்றார் அக்கா. "சனிக்கிழமை வா. அவனையும் இழுத்துட்டு வா, உன் மச்சானை. அவனும்தானே வந்தான் அன்னிக்கு."

சாயங்காலம் பேருந்தில் ஏறியபோது கால்சட்டை இன்னும் காயவில்லை. பக்கத்தில் இருந்த பெண்மணி மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து முன் இருக்கைக்குப் போய்விட்டார். பாசிக்காரர் அதற்கெல்லாம் வருத்தப்படும் நிலையில் இல்லை. காலியான இடத்தில் முழங்காலை நீட்டிக்கொண்டார்.